பத்தரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்கு

லாகோஸிலிருந்து அக்ராவுக்கு விமானம் ஏறினால், ஏறிய நேரத்துக்கே போய் இறங்கலாம். டிக்கெட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கும்: புறப்பாடு 10.30, வருகை 10.30. எங்கள் தொழிலில் யாராவது இதைப் பார்த்தால் ப்ரூஃப் திருத்தாமல் அடித்துவிட்டார்கள் என்பார்கள். பிழை ஒன்றுமில்லை. நைஜீரியாவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது; கானாவின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தையே காட்டுகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே ஆகாய வழியில் சுமார் 400 கிலோமீட்டர். கதவு சாத்துவதிலிருந்து கதவு திறப்பது வரை ஒரு மணி நேரக் கணக்கு, அதில் மேலே பறப்பது முக்கால் மணி. போகும்போது கடிகாரம் தருகிற அந்த ஒரு மணி நேரத்தைத் திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ளும். மாலை நாலு மணிக்கு அக்ராவில் ஏறினால் லாகோஸில் ஆறு மணிக்கு இறங்க வேண்டியதுதான்.

நான் சிவகாசிக்காரன், ஆஃப்செட் மெஷின் மெக்கானிக். ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த அச்சு இயந்திரங்களை வாங்கி வந்து, பிரித்துப் பூட்டி, மேற்கு ஆப்பிரிக்காவில் விற்கிற ஒரு கம்பெனியில் சில வருஷம் இருந்தேன். பட்டறை லாகோஸில் இலுபெஜு பக்கம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பக்கத்திலிருக்கும் ஷோமொலுவில். நகரத்தின் அச்சகத் தெருக்கள் அவை. வழி கேட்க வேண்டியதில்லை. மையும் மண்ணெண்ணெயும் மணக்கிற பக்கமாக நடந்தால் போதும். மீதி வாடிக்கையாளர்கள் அக்ராவில். அங்கே ஒரு மெஷின் படுத்தால் நான்தான் போக வேண்டும்.

எங்கள் கணக்கர் தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சி என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். வெளியூர் வேலைக்குப் போனவர்களுக்குப் படி கொடுக்க ஒரு படிவம் வைத்திருந்தார். அதில் ‘பயண நேரம்’ என்று ஒரு கட்டம். நான் முதலில் கொடுத்த படிவத்தை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“தம்பி, பத்தரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்கே போய் இறங்கியிருக்கீக. பயண நேரம் பூஜ்யம். பூஜ்யத்துக்கு எப்படிப் படி போட?”

“அண்ணாச்சி, வரும்போது ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கே.”

“அதைத் தர்றேன். போனதுக்குத்தான் ஒண்ணுமில்லைங்கேன்.”

கூட்டிப் பார்த்தால் அவர் கணக்கு சரிதான். கம்பெனிக்கும் நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லாமல் போன நேரம்தான் அதிகம். இலுபெஜுவிலிருந்து விமான நிலையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நடுவில் ஒஷோடி. மழை பிடித்த காலையில் ஒஷோடியைத் தாண்ட இரண்டு மணி நேரமும் ஆகும், மூன்றும் ஆகும். இந்த நெரிசலுக்கு லாகோஸ்காரர்கள் வைத்த பெயர் ‘கோ-ஸ்லோ’. நிற்கிற வண்டிகளுக்கு நடுவே வாழைக்காய் சிப்ஸ் வரும், தண்ணீர்ப் பாக்கெட் வரும், கைபேசி சார்ஜர் வரும், சுவர்க் கடிகாரம்கூட விற்க வரும். 10.30 விமானத்துக்கு நான் விடியுமுன் கிளம்புவேன். அக்ராவில் இறங்கி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் காட்டி, விசாவைக் காட்டி வெளியே வந்து பார்த்தால் உச்சிவெயிலாகியிருக்கும். டிக்கெட்டில் பூஜ்யமாக இருந்தது உடம்புக்கு அரை நாள்.

நான் போய்வந்த காலத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கும் சுடப்பட்டு இறந்த ராணுவத் தளபதிகளின் பெயர்தான் இருந்தது. அக்ராவினுடையது கொட்டோகா. 1966-இல் கானா அதிபர் நிக்ருமாவைக் கவிழ்த்தவர்களில் ஒருவர். அடுத்த வருஷம் ஏப்ரலில் வேறொரு கலகக் கூட்டம் அவரைக் கொண்டுபோய்ச் சுட்டது அந்த விமான நிலையத்து வாசலில்தான். லாகோஸினுடையது முர்தலா முகம்மது. நைஜீரியாவின் ஆட்சித் தலைவராக இருந்தவர், 1976 பிப்ரவரி 13 அன்று காலை அலுவலகத்துக்குப் போகிற வழியில் சுடப்பட்டார். பாதுகாப்பு வண்டிகள் இல்லாமல், எல்லாரையும் போல நெரிசலில் மாட்டி நின்ற காரில் வைத்து. குண்டு துளைத்த அந்த பென்ஸ் காரை ஒனிகான் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். நாட்டின் தலைவரையே நிறுத்திவைத்த நெரிசல் என்னை விட்டுவிடுமா என்று அதற்குப் பிறகு ஒஷோடியில் புலம்புவதைக் குறைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரப் பறப்புதான் என்றாலும் ஜன்னல் இருக்கைக்கு நான் சண்டை போடுவேன். இந்தப் பாதை கடற்கரையை ஒட்டியே போகிறது. அக்ரா போகும்போது இடது ஜன்னலில் கடல், வலது ஜன்னலில் நிலம். லாகோஸுக்கு வெளியே துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் காத்து நிற்கும் கப்பல்கள் முதலில் தெரியும். சிறிது நேரத்தில் கோட்டோனூ, அதற்குப் பின்னால் நொக்குவே ஏரி. அப்புறம் லோமே, அப்புறம் கடலுக்கும் காயலுக்கும் நடுவில் நூலாகக் கிடக்கும் கேட்டா ஊர், வோல்டா ஆறு கடலில் சேரும் இடம். கடைசியாகத் தெமா துறைமுகம். கிரீன்விச் தீர்க்கரேகை தெமா வழியாகத்தான் போகிறது. விமானம் சக்கரத்தை இறக்குகிற நேரத்தில் நாம் பூமியின் கிழக்குப் பாதியிலிருந்து மேற்குப் பாதிக்குள் நுழைகிறோம். 400 கிலோமீட்டருக்குள் நாலு நாடு, நாலு பெரிய துறைமுகம். நிறமும் மாறும். லாகோஸ் பக்கம் கரும்பச்சை, போகப் போக வெளிறிய புல்வெளி. காட்டுப் பட்டை இந்த இடத்தில் அறுந்துபோய்ப் புல்வெளி கடல் வரைக்கும் இறங்கிவிடுகிறது. அக்ராவில் பெய்யும் மழை லாகோஸ் மழையில் ஏறக்குறைய பாதிதான். இது எனக்கு வேடிக்கைச் செய்தியல்ல. லாகோஸில் காகிதம் ஈரம் குடித்து விரியும், நாலு கலர் ரெஜிஸ்டர் உட்காராது. அக்ராவில் அந்தத் தொல்லை குறைவு.

ஒரு காலத்தில் இரண்டு ஊரும் ஒரே பிரிட்டிஷ் கல்லாவில் இருந்தவை. இரண்டிலும் ஒரே மேற்கு ஆப்பிரிக்க பவுண்டு செல்லுபடியானது. 1946-இல் தொடங்கிய ஒரே விமானக் கம்பெனி நைஜீரியா, தங்கக் கரை (இன்றைய கானா), சியரா லியோன், காம்பியா நான்குக்கும் பறந்தது. சுதந்திரம் வந்ததும் கானா 1958-இல் தனிக் கம்பெனி தொடங்கியது, நைஜீரியாவும் தனியாகப் போயிற்று. பிரெஞ்சு பேசும் நாடுகள் சேர்ந்து ஏர் அஃப்ரிக் நடத்தின. 2002-லிருந்து 2004-க்குள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுக்கொன்று வான்வழியைத் திறந்துவிட வேண்டும் என்று 1999-இல் யாமுசுக்ரோவில் கூடி முடிவெடுத்தன. அந்த முடிவுக்கு உயிர் கொடுக்க 2018 ஜனவரியில் இன்னொரு ஏற்பாடு தொடங்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், டிக்கெட் விலையில் வரியும் கட்டணமும் சேர்ந்து கண்ணைக் கட்டும் என்பதும், சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்துக்கு இவ்வளவா என்று அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் கேட்பார் என்பதும்தான்.

2012 ஜூன் 2 அன்று லாகோஸிலிருந்து போன ஒரு சரக்கு விமானம் அக்ராவில் ஓடுபாதையைத் தாண்டி, வெளிச்சாலையில் போய்க்கொண்டிருந்த வேனில் மோதியது. மறுநாளே அபுஜாவிலிருந்து வந்த பயணிகள் விமானம் லாகோஸில் வீடுகள்மேல் விழுந்து, அதிலிருந்த 153 பேரும் இறந்தார்கள். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி, “இனிமே பஸ்ஸிலேயே போய்ட்டு வாய்யா” என்றாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பஸ் எத்தனை நாட்டைத் தாண்ட வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

அக்ராவில் நான் வழக்கமாகப் போகும் அச்சகத்தில் ஓர் ஆபரேட்டர் இருந்தார். ஐம்பது தாண்டியவர். அந்த ஊர் வழக்கப்படி நாங்கள் ஒருவரையொருவர் ‘மாஸ்டர்’ என்றே கூப்பிட்டுக்கொண்டோம். அச்சகத்தின் முக்கிய வரும்படி சாவுக் காரியம். கானாவில் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் அடக்கம் வைப்பார்கள். இறந்தவரின் படம் போட்ட சுவரொட்டி, வாழ்க்கை வரலாறு அச்சிட்ட வழவழப்பான புத்தகம் எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். வியாழன் இரவில் மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். அப்படி ஓர் இரவில் ரோலர் துடைக்க வேஸ்ட் துணி கேட்டேன். நீலமும் சிவப்புமாகக் கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பையை இழுத்து வந்தார். அந்தப் பையை லாகோஸ் கடைத்தெருவில் எங்கும் பார்க்கலாம். அங்கே அதற்குப் பெயர் ‘கானா மஸ்ட் கோ’.

அன்றுதான் தம் கதையைச் சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஷோமொலுவில் மெஷினுக்குத் தாள் கொடுக்கும் ஃபீடர் பையனாக இருந்தவராம், நான் நடந்த அதே தெருக்களில். 1983 ஜனவரியில் நைஜீரிய அரசு, அனுமதி இல்லாத வெளிநாட்டவர்கள் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று அறிவித்தது. வெளியேறியவர்களில் கானாக்காரர்கள் மட்டும் பத்து லட்சம் அளவுக்கு இருந்தார்கள். கானா அதற்கு முந்தைய ஆண்டே தன் தரை எல்லையை மூடியிருந்தது. வருகிறவர்கள் தன்னிடமே தங்கிவிடுவார்கள் என்று டோகோவும் மூடியது, அதைப் பார்த்து பெனினும் மூடியது. ஜனங்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மாத இறுதியில்தான் கானா கதவைத் திறந்தது. லாரிமேல் பை, பையின்மேல் இவர். ஷோமொலுவிலிருந்து அக்ராவுக்குப் பதினோரு நாள் என்றார். “கானாவும் ஒன்றும் யோக்கியமில்லை மாஸ்டர். 1969-இல் நாங்கள் நைஜீரியாக்காரர்களை இதேபோல் இரண்டு வாரம் கெடு வைத்துத் துரத்தினோம். அப்போது நான் சின்னப் பையன். பக்கத்து வீட்டு யொருபா அம்மா தன் தையல் மெஷினை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். வந்து எடுத்துக்கொள்ளவே இல்லை.” சொல்லிவிட்டுப் பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தார். வேலையைப் பார்த்தோம்.

விபத்துகள் நடந்த அந்த 2012-ஆம் வருஷம் டிசம்பரில் நானே தரை வழியாகப் போக நேர்ந்தது. கானாவில் அதிபர் தேர்தல் முடிந்து, சுவரொட்டி வேலை ஓய்ந்து, மெஷின்கள் எல்லாம் சர்ச் காலண்டருக்கு மாறியிருந்தன. போதகரும் மனைவியும் சிரிக்கிற படம், கீழே பன்னிரண்டு மாதம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கொடுத்தால்தான் காசு. ஜனவரியில் அது வெறும் காகிதம். மாஸ்டருடைய மெஷினில் ஓர் இங்க் ரோலரின் ரப்பர் பிளந்துவிட்டது. புது ரப்பர் ஏற்றிய ரோலர் லாகோஸில் எங்கள் பட்டறையில் தயார். ஆனால் ஹர்மத்தான் காற்று இறங்கிவிட்டது. சகாராவின் தூசியை அள்ளிக்கொண்டு வரும் வறண்ட வடகிழக்குக் காற்று அது. உதடு வெடிக்கும், காகிதம் சுருளும், தாளில் மின்னேறி இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு ஃபீடரில் போகும். சூரியன் வெள்ளைத் தட்டாகத் தெரியும். ஓடுபாதை தெரியாது. விமானங்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின.

பெனினுக்கும் டோகோவுக்கும் என் பாஸ்போர்ட்டில் விசா குத்தி வைத்திருந்தது உதவிற்று. மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் குடிமக்கள் விசா இல்லாமல் போய்வரலாம் என்று 1979-லிருந்தே ஒப்பந்தம் இருக்கிறது; இந்தியனுக்கு அது பொருந்தாது. ரோலரை மரப்பெட்டியில் அடைத்துக்கொண்டு அதிகாலை நாலு மணிக்கு பஸ் ஏறினேன். புறப்படுமுன் ஒருவர் எழுந்து நின்று சத்தமாக ஜெபம் செய்தார். பிரேக்குக்கும் டயருக்கும் தனித்தனியாக. பஸ்ஸே ஆமென் சொன்னது.

பதக்ரியைத் தாண்டியதும் சோதனைச் சாவடிகள் தொடங்கின. ஒரு பலகையும் கயிறும் இருந்தால் சாவடி. எங்கே என்று சொல்ல வேண்டாம், ஓரிடத்தில் சீருடைக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “ஓகா, ஹாப்பி வீக்கெண்ட்” என்றார். அன்று புதன்கிழமை. செமே எல்லையில் நைஜீரியா முத்திரை, பெனின் முத்திரை. அங்கிருந்து பிரெஞ்சு, வேறு நாணயம், மஞ்சள் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிகள். சாலையோரம் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் நைஜீரியாவிலிருந்து கடத்தி வந்த பெட்ரோல் பொன்னிறமாக மின்னிக்கொண்டிருக்கும். பெனினின் கடற்கரையே 121 கிலோமீட்டர்தான், டோகோவுக்கு 56. ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஒரு நாடு முடிந்திருக்கும்.

டோகோ எல்லையில் மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு மீட்டர் நீளத்தில், இரு முனையிலும் இரும்பு நீட்டிக்கொண்டு கறுப்பாக ஓர் உருளை. அதிகாரி ஓரடி பின்வாங்கினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பக்கத்து இருக்கையில் வந்த லோமே துணி வியாபாரி அம்மா இறங்கி வந்து எனக்காகப் பேசினார். இது அச்சு மெஷின் சாமான் என்று காட்ட, அன்பளிப்பாகக் கொடுக்கக் கொண்டுபோன சிவகாசிக் காலண்டர் ஒன்றைப் பிரித்து, அதன்மேல் கையை உருட்டிக் காட்டினேன். நல்ல வேளையாகவோ என்னவோ, கையில் வந்தது லட்சுமி. தண்ணீரில் தாமரை, தாமரையில் தாயார், கையிலிருந்து பொற்காசு கொட்டுகிறது. அதிகாரியின் முகம் மாறிவிட்டது. “மாமி வாட்டா!” என்றார்.

துணிக்கார அம்மா பஸ்ஸில் விளக்கினார். மாமி வாட்டா நீருக்குள் வாழும் தெய்வம், செல்வம் தருபவள். அவருடைய அத்தை வீட்டுப் பூஜை அறையில் இதே மாதிரி இந்தியப் படங்கள் மாட்டியிருக்கிறதாம். பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1880-களில் ஹாம்பர்க்கில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் படம் ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து, மாமி வாட்டாவின் உருவமாகவே நிலைத்திருக்கிறது. 1955-இல் அந்தப் படத்தைக் கானாவின் குமாசி வியாபாரிகள் பம்பாய்க்கு அனுப்ப, ஸ்ரீராம் காலண்டர் கம்பெனி அதை மறுபடி அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. நம் சாமிப் படங்களும் அந்த வழியிலேயே வந்து, டோகோ, பெனின் கோயில்களில் வேறு பெயர்களில் குடியேறிவிட்டன. எனக்கு முன்னால் இந்தச் சாலையில் எங்கள் தொழில் போய்வந்துவிட்டிருக்கிறது. லட்சுமிக்கு எந்த எல்லையிலும் முத்திரை குத்தியிருக்க மாட்டார்கள்.

அதிகாரி காலண்டரை வைத்துக்கொண்டு பெட்டியை விட்டுவிட்டார். லோமேயில் இருட்டத் தொடங்கியது. அந்தத் தலைநகரின் கடற்கரைச் சாலை நேராகப் போய் எல்லைக் கம்பத்தில் முட்டுகிறது. அந்தப் பக்கம் அஃப்லாவோ, கானா. மறுபடி ஆங்கிலம், மூன்றாவது நாணயம். சொகாகோப்பே பாலத்தில் வோல்டாவைக் கடக்கும்போது பெண்கள் ரொட்டியும் பொரித்த பொடி மீனும் விற்றார்கள். அக்ரா சேர்ந்தபோது அந்த ஊர் நேரப்படி இரவு ஒன்பது. மாஸ்டர் வாசலில் நின்றார். ரோலரைப் பூட்டி, பிரஷர் பார்த்து, விடியுமுன் மெஷினை ஓட்டிவிட்டோம்.

லாகோஸ் திரும்பிப் படிவம் கொடுத்தேன். பயண நேரம் பதினெட்டு என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சி அடித்துப் பதினேழாக்கினார்.

“நாலுக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குச் சேர்ந்திருக்கீக. பதினேழுதானே?”

“டோகோ எல்லையில கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போயிருச்சு அண்ணாச்சி.”

“அப்ப அதை டோகோக்காரன்கிட்டயே வாங்கிக்கிடணும்” என்றவர், காலண்டரைக் கேள்வி கேட்காமல் ஸ்டேஷனரி செலவில் சேர்த்தார். ஹாப்பி வீக்கெண்டுக்கு மட்டும் ரசீது கேட்டார்.

2019 ஆகஸ்டில் நைஜீரியா தன் தரை எல்லைகளை மூடியபோது நான் சிவகாசிக்குத் திரும்பியிருந்தேன். அரிசிக் கடத்தலைத் தடுக்க என்றார்கள். செமே மறுபடி திறந்தது அடுத்த வருஷம் டிசம்பரில். இடையில் ஒருநாள் மாஸ்டர் போன் பண்ணினார். ரோலருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சீனாவிலிருந்து தெமாவுக்குக் கப்பலில் வருகிறதாம். லாகோஸிலிருந்து தருவிப்பதைவிட அது சுலபம், விலையும் குறைவு என்றார்.